வருஷத்துக்கு 5 டாலர்தான்... அதுக்கும் ‘நோ’! அமெரிக்கக் கவுண்டிகளில் வாகனப் பதிவுக் கட்டணம் ஏன் இவ்வளவு பெரிய சண்டை?

ஒரு பாலம். தினமும் சுமார் 30 ஆயிரம் வண்டிகள் அதில் போய் வருகின்றன. அந்தப் பாலத்தைச் சோதித்துப் பார்த்து அரசு கொடுத்த மார்க் எவ்வளவு தெரியுமா? 100-க்கு 2. ஆமாம், நீங்கள் படித்தது சரிதான். வெறும் இரண்டு.

சரி, புதுப் பாலம் கட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்காகப் பக்கத்து கவுண்டிக்காரர்களிடம் கேட்கப்பட்டது, ஒரு வண்டிக்கு வருஷத்துக்கு 5 டாலர். ஒரு காபியும் பன்னும் வாங்குகிற காசு. வாக்கெடுப்பு வைத்தார்கள். 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ‘தர முடியாது’ என்று குத்திவிட்டுப் போனார்கள்.

இது நடந்தது 2011-ல், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில். பாலத்தின் பெயர் செல்வுட். ‘பாலத்தை அதிகம் பயன்படுத்துறதே நீங்கதானே, அப்புறம் ஏன்யா தர மாட்டேங்குறீங்க?’ என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம் என்ன என்று பார்த்தாலே, அமெரிக்காவில் உள்ளூர் ரோட்டுக்கும் பஸ்ஸுக்கும் பணம் எப்படிப் புரட்டுகிறார்கள் என்பது பாதி புரிந்துவிடும்.

அதென்ன கவுண்டி? அதென்ன பதிவுக் கட்டணம்?

கவுண்டி கிரிக்கெட் என்று கேள்விப்பட்டிருப்போம். அதே கவுண்டிதான். அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே இருக்கும் நிர்வாகப் பகுதி. நம்ம ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நம் மாவட்டத்தை நிர்வகிக்கும் கலெக்டர் அரசு நியமிக்கும் அதிகாரி. அங்கே கவுண்டியை நடத்துவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சில். மாநிலச் சட்டம் அனுமதித்தால் அவர்களே வரி போடலாம், கட்டணம் வசூலிக்கலாம்.

வண்டி விஷயத்திலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் கார் வாங்கும்போதே ஆயுள் வரியைக் கட்டிவிடுகிறோம். நாம் ரோடு டாக்ஸ் என்று சொல்லும் அந்தப் பணம் மாநில அரசுக்குப் போகிறது. அதோடு கதை முடிந்தது. அமெரிக்காவில் அப்படி இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் வருஷா வருஷமோ, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையோ பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பணம் கட்டினால் நம்பர் பிளேட்டில் ஒட்ட ஒரு சின்ன ஸ்டிக்கர் தருவார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் இதற்குச் செல்லப்பெயரே ‘கார் டேப்’.

அப்படிப் புதுப்பிக்கும்போது மாநிலம் வாங்கும் தொகையோடு, கவுண்டியோ நகரமோ தன் பங்குக்கு 10, 20, 60 டாலர் என்று சேர்த்து வாங்குவதுதான் நாம் பேசப்போகும் கட்டணம். தனியாக ஆபீஸ் போட வேண்டாம், ஆள் வைத்து வசூல் பண்ண வேண்டாம். மாநிலத்தின் பில்லிலேயே ஒரு வரி கூடும், அவ்வளவுதான். வசூல் செலவு குறைவு, ஏய்ப்பது கடினம். நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான வழி கிடைக்காது.

ஏன் இது தேவைப்பட்டது? பெட்ரோல் வரி என்ன ஆச்சு?

அமெரிக்காவில் ரோட்டுக்கான பணம் ரொம்ப காலமாகப் பெட்ரோல் வரியிலிருந்துதான் வந்தது. இதைக் கண்டுபிடித்த பெருமையும் ஓரிகனுக்கே. நாட்டிலேயே முதன்முதலில், 1919-ல், பெட்ரோலுக்கு வரி போட்ட மாநிலம் அது.

மத்திய அரசும் பின்னால் சேர்ந்துகொண்டது. ஆனால் அங்கே ஒரு சிக்கல். மத்திய பெட்ரோல் வரி ஒரு கேலனுக்கு, அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டருக்கு, 18.4 சென்ட். இந்த 18.4 எப்போது நிர்ணயித்தது? 1993-ல்! அதற்குப் பிறகு சிமென்ட் விலை ஏறியது, கம்பி விலை ஏறியது, கூலி ஏறியது. வரி மட்டும் அசையவில்லை. விலையில் இத்தனை சதவீதம் என்று போடாமல், கேலனுக்கு இத்தனை சென்ட் என்று போட்டதால் விலை ஏறினாலும் வரி ஏறாது. இன்னொரு பக்கம் கார்கள் மைலேஜ் அதிகம் கொடுக்க ஆரம்பித்தன. எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர் பெட்ரோல் பங்க் பக்கமே போவதில்லை.

ஆக, மேலேயிருந்து வரும் பணம் சுருங்கியது. பாலத்துக்கும் பஸ்ஸுக்கும் பொறுப்பு மட்டும் கீழே இருக்கும் கவுண்டி தலையில். ‘நீங்களே வசூல் பண்ணிக்கோங்க’ என்று பல மாநிலங்கள் சட்டம் போட்டுக் கதவைத் திறந்துவிட்டன. அங்கே ஆரம்பித்தது பஞ்சாயத்து.

100-க்கு 2 மார்க் வாங்கிய பாலம்

இப்போது செல்வுட்டுக்கு வருவோம். ஓரிகனின் பெரிய நகரம் போர்ட்லேண்ட். ஊருக்கு நடுவே வில்லமெட் நதி ஓடுகிறது. நகரின் தெற்குக் கோடியில் 1925-ல் கட்டப்பட்டது செல்வுட் பாலம். கட்டும்போதே பட்ஜெட் இடித்தது. அதனால் வேறொரு பழைய பாலத்தைப் பிரித்தபோது கிடைத்த இரும்பு உத்தரங்களையே அணுகுபாலத்தில் போட்டுச் சமாளித்தார்கள். இரண்டே வழித்தடம். ஒரு ஆள் நடக்கவே இடுக்கிக்கொண்டு போக வேண்டிய ஒற்றை நடைபாதை. மேற்குக் கரையில் இருக்கும் மலைச்சரிவு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து பாலத்தையே நெட்டித் தள்ளியது. கான்கிரீட்டில் விரிசல் விழுந்தது.

2004-ல் எடை வரம்பை 10 டன்னாகக் குறைத்தார்கள். சாதாரண டவுன் பஸ்ஸே 10 டன்னுக்கு மேல் இருக்கும். அதனால் பஸ்கள் பாலத்தை விட்டே போய்விட்டன. கார் வைத்திருப்பவர் போகலாம், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் சுற்றிக்கொண்டு போகணும். ஒரு பாலம் பழுதானால் முதல் அடி யாருக்கு விழுகிறது என்று கவனித்தீர்களா?

பாலத்தின் சொந்தக்காரர் மல்ட்னோமா கவுண்டி. 2009-ல் ஓரிகன் சட்டமன்றம், இந்தப் பாலத்துக்காக மல்ட்னோமாவும் அதன் தெற்குப் பக்கத்து கவுண்டியான கிளாக்கமஸும் வாகனக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தது. மல்ட்னோமா 2010-லேயே வருஷத்துக்கு 19 டாலர் வாங்க ஆரம்பித்துவிட்டது. கிளாக்கமஸ் கமிஷனர்கள் கொஞ்சம் தயங்கி, ‘நாங்க 5 டாலர் போடுறோம்’ என்றார்கள். 20 வருஷத்தில் 22 மில்லியன் டாலர் தருவதாகக் கணக்கு.

உடனே எதிர்ப்புக் கையெழுத்து இயக்கம் கிளம்பியது. 2011 மே மாதம் வாக்கெடுப்பு. முடிவைத்தான் மேலேயே சொல்லிவிட்டோமே.

இப்போது அவர்கள் நியாயத்துக்கு வருவோம். பாலம் கவுண்டி எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலும், இருப்பது மல்ட்னோமா பக்கம். ‘உன் பாலத்துக்கு நான் ஏன் மொய் எழுதணும்?’ என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்விதான் கனமானது. பாலத்தில் போகிறவர்களில் பெரும்பங்கு கிளாக்கமஸ் கவுண்டியோடு தொடர்புடையவர்கள் என்பது உண்மை. ஆனால் கிளாக்கமஸ் சின்ன இடம் இல்லை. போர்ட்லேண்டை ஒட்டிய புறநகரில் ஆரம்பித்து, பண்ணைகளையும் காடுகளையும் தாண்டி, ஹூட் மலை வரைக்கும் போகிறது. மோலல்லா, எஸ்டகாடா மாதிரி சிறு ஊர்க்காரர் வருஷத்துக்கு ஒரு தடவைகூட அந்தப் பாலத்தில் ஏற மாட்டார். அவருக்கும் 5 டாலர், தினமும் இரண்டு தடவை பாலத்தைக் கடக்கும் புறநகர்க்காரருக்கும் அதே 5 டாலர்.

கவுண்டியின் எல்லையை வரைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். மக்கள் வேலைக்குப் போய்வரும் பாதை உருவானது அதற்கு ரொம்பப் பின்னால். ஒன்றின் மேல் ஒன்று பொருந்தவே பொருந்தாது. கட்டணம் போடுவதும், ஓட்டுப் போடுவதும் அந்தப் பழைய கோட்டை வைத்து. வண்டி ஓடுவதோ புதுப் பாதையில். இந்தப் பிரச்னையின் வேர் இதுதான் என்று சொல்வேன். 5 டாலர் அதிகமா குறைவா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பாலம் நின்றுவிட்டதா? இல்லை. செலவைக் குறைத்து, போர்ட்லேண்ட் நகரம், மாநிலம், மத்திய அரசு என்று எல்லாரிடமும் கையேந்தி வேலையைத் தொடர்ந்தார்கள். 19 டாலர் கட்டணம் வருஷா வருஷம் வரும் என்ற நம்பிக்கையில் கடன்பத்திரம் வெளியிட்டார்கள். நிலையான வருமானம் இருந்தால்தான் சந்தையில் கடன் கிடைக்கும். சின்னக் கட்டணத்தின் பெரிய பலம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு சுவாரசியமான விஷயம். புதுப் பாலம் கட்டும்போது போக்குவரத்தை நிறுத்தாமல் இருக்க, பழைய பாலத்தின் 1,100 அடி நீள இரும்புச் சட்டத்தை அப்படியே அலாக்காகப் பக்கவாட்டில் நகர்த்தி தற்காலிகத் தூண்கள் மேல் வைத்தார்கள். 2013 ஜனவரி 19-ஆம் தேதி, ஏறக்குறைய 14 மணி நேரத்தில் முடிந்தது. அந்தப் பழைய சட்டத்தின் மீதே வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் புதுசு எழும்பியது. 2016 பிப்ரவரி 29-ல் திறந்தார்கள். மொத்தச் செலவு 300 மில்லியன் டாலருக்கு மேல். பஸ்கள் திரும்பி வந்தன. இரண்டு பக்கமும் நடைபாதை, சைக்கிள் பாதை.

கிளாக்கமஸ்காரர்களுக்கு டோல்கேட் எதுவும் போடவில்லை. அவர்களும் ஜாலியாகப் போய் வருகிறார்கள்!

ஆனால் கதையில் ஒரு திருப்பம். 2019-ல் கிளாக்கமஸ் கவுண்டி கமிஷனர்கள் வருஷத்துக்கு 30 டாலர் கட்டணத்தை நிறைவேற்றினார்கள். 2020 முதல் அமலுக்கு வந்தது. 5 டாலருக்கு நோ சொன்ன அதே கவுண்டியில் 30 டாலர்! இந்தத் தடவை பொது வாக்கெடுப்பு நடத்தவில்லை. பெரிய கவுண்டிகள் மக்களிடம் கேட்காமலேயே கட்டணம் போட ஓரிகன் சட்டம் இடம் தருகிறது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. வசூலில் பாதி கவுண்டி ரோடுகளுக்கு, 40 சதவீதம் கவுண்டிக்குள் இருக்கும் ஊர்களுக்கு, மிச்சம் 10 சதவீதம் கூட்டுத் திட்டங்களுக்கு. பணம் கோட்டைத் தாண்டிப் போகவில்லை என்பதைக் கவனிக்கணும்.

வடக்கே போவோம்: பஸ்ஸுக்காக ஒரு சண்டை

போர்ட்லேண்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம் வடக்கே போனால் சியாட்டில். வாஷிங்டன் மாநிலம், கிங் கவுண்டி. மைக்ரோசாஃப்ட் இருக்கும் ரெட்மண்ட், பக்கத்து பெல்வியூ எல்லாம் இந்தக் கவுண்டிக்குள்தான். ஐ.டி. வேலைக்குப் போய் அங்கேயே வீடு வாங்கி செட்டிலான தமிழ்க் குடும்பங்கள் நிறைய. உங்கள் சொந்தக்காரர் யாராவது அங்கே இருந்தால் ‘கார் டேப்’ என்று சொல்லிப் பாருங்கள், ஒரு பெருமூச்சு நிச்சயம் கேட்கும்.

ஓரிகனுக்கும் வாஷிங்டனுக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. ஓரிகன் அரசியலமைப்புப்படி வாகனக் கட்டணத்தில் வரும் பணத்தை ரோடு, பாலம் போன்றவற்றுக்கு மட்டுமே செலவு செய்யலாம். பஸ் ஓட்ட அந்தக் காசைத் தொட முடியாது. வாஷிங்டனிலோ உள்ளூர் அமைப்புகள் வாங்கும் கட்டணத்தைப் பஸ்ஸுக்கும் செலவிடலாம். அதனால் அங்கே சண்டை பாலத்தை விட்டு பஸ் மேல் வந்தது.

1990-களில் வாஷிங்டனில் வண்டி மதிப்பில் 2.2 சதவீதம் வருஷ வரி. புதுக் கார் வைத்திருந்தவர் நூற்றுக்கணக்கான டாலர் கட்ட வேண்டியிருந்தது. மக்கள் கடுப்பில் இருந்தார்கள். அந்தக் கடுப்பை அறுவடை செய்தவர் டிம் ஐமன். கைக்கடிகாரம் விற்றுக்கொண்டிருந்தவர், ‘எந்த வண்டியாக இருந்தாலும் 30 டாலர்’ என்ற ஒரே கோஷத்தோடு மக்கள் முன்னெடுப்பு வாக்கெடுப்பில் இறங்கினார். 1999-ல் மாநிலம் முழுக்க ஓட்டெடுப்பு, அமோக வெற்றி. கோர்ட் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. ஆனால் மக்கள் மனநிலையைப் பார்த்துப் பயந்துபோன சட்டமன்றம், 2000-ல் தானாகவே 30 டாலர் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது.

அடி விழுந்தது கிங் கவுண்டி மெட்ரோ பஸ்ஸுக்கு. அதன் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அந்த வண்டி வரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. விற்பனை வரியை உயர்த்திச் சமாளித்தார்கள். அது தாக்குப்பிடித்தது 2008 பொருளாதாரச் சரிவு வரைக்கும். கடைகளில் வியாபாரம் படுத்தது, கூடவே விற்பனை வரியும் படுத்தது. வேலை போனவர்கள் காரை விட்டு பஸ்ஸுக்கு வரும் நேரத்தில் பஸ்ஸுக்குப் பணம் இல்லை. கொடுமை இல்லையா?

2011-ல் கவுண்டி கவுன்சில் இரண்டு வருஷத்துக்கு மட்டும் 20 டாலர் தற்காலிகக் கட்டணம் போட்டது. எதிர்ப்பைக் குறைக்க, கட்டணம் கட்டுபவர்களுக்கு 8 பஸ் டிக்கெட் இலவசம் என்று ஒரு இனாமும் கொடுத்தார்கள். கார்க்காரரையும் ஒருமுறையாவது பஸ் ஏற்றிப் பார்க்கலாமே என்ற ஆசை. இன்னொரு பக்கம், சியாட்டில் டவுன்டவுனில் பல வருஷமாக இருந்த இலவசப் பஸ் பகுதியை 2012-ல் எடுத்துவிட்டார்கள். இதுவும் அந்தப் பேரத்தின் ஒரு பகுதிதான்.

இரண்டு வருஷம் ஓடிப் போச்சு. 2014 ஏப்ரலில் கவுண்டி மக்களிடம் நேரடியாகக் கேட்டார்கள். வருஷத்துக்கு 60 டாலர் கார் கட்டணம், அதோடு 0.1 சதவீத விற்பனை வரி, 10 வருஷத்துக்கு. 60 டாலர் என்றால் ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல். இல்லாவிட்டால் பஸ் சேவையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வெட்டு என்று எச்சரிக்கை. பஸ் ஏறாத புறநகர்க்காரர்களைச் சமாதானப்படுத்த, வசூலில் 40 சதவீதம் ரோடுகளுக்கு என்று ஒதுக்கினார்கள். ஏழைகளுக்கு 20 டாலர் தள்ளுபடியும் உண்டு.

தோற்றுவிட்டது. சுமார் 54 சதவீதம் பேர் எதிர்ப்பு.

செல்வுட்டில் நடந்த அதே கூத்து இங்கேயும். சியாட்டில் நகரத்தில் ஆதரவு பலமாக இருந்தது. வெளியே போகப் போக எதிர்ப்பு ஏறியது. கவுண்டி மொத்தத்தையும் ஒரே ஓட்டுப்பெட்டியாக எண்ணியதால் நகரம் தோற்றது. செப்டம்பரில் 28 பஸ் ரூட்டுகள் ஒரேயடியாக நிறுத்தப்பட்டன. ரூட் என்பது அதிகாரிகளுக்கு ஒரு நம்பர். அந்தப் பஸ்ஸை நம்பி ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புபவருக்கு?

அப்போது சியாட்டில் நகரம் ஒரு முடிவெடுத்தது. ‘கவுண்டி வேண்டாம் என்றால் போகட்டும், நாங்க மட்டும் கட்டுறோம்.’ அதே 60 டாலர், அதே 0.1 சதவீதம், ஆனால் நகர எல்லைக்குள் மட்டும். 2014 நவம்பரில் வாக்கெடுப்பு, சுமார் 62 சதவீத ஆதரவு. நகரம் தன் காசைக் கொடுத்துக் கவுண்டி மெட்ரோவிடமிருந்து கூடுதல் பஸ் சேவையை விலைக்கு வாங்கியது. விளைவு? 10 நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும் நிறுத்தத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த வீடுகள் 2015-ல் 25 சதவீதம். 2019-ல் 70 சதவீதம். இது நகராட்சியே சொல்லும் கணக்கு. பாதிக்குப் பாதி தள்ளுபடி பண்ணிப் பார்த்தாலும் சாதாரண முன்னேற்றம் இல்லை.

திரும்ப வந்தார் 30 டாலர் மனிதர்

இதற்கிடையில் 2016-ல், சியாட்டிலைச் சுற்றியுள்ள மூன்று கவுண்டிகளில் ரயில் பாதை அமைக்கும் சவுண்ட் டிரான்சிட் அமைப்புக்காக, வண்டி மதிப்பில் வாங்கும் வரியை 0.3-லிருந்து 1.1 சதவீதமாக உயர்த்த மக்கள் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டுப் போட்டதும் அவர்கள்தான், 2017-ல் பில்லைப் பார்த்து அலறியதும் அவர்கள்தான். காரணம், வண்டியின் மதிப்பைக் கணக்கிட 1990-களின் பழைய அட்டவணையைப் பயன்படுத்தினார்கள். அது புதுசான வண்டிகளுக்குச் சந்தை மதிப்பைவிட அதிக மதிப்புக் காட்டும். ‘இந்த விலைக்கு என் காரை நீயே வாங்கிக்கோ’ என்று மக்கள் கேட்காத குறைதான்.

அந்தக் கோபத்தில் மறுபடியும் வந்தார் ஐமன். 2019 நவம்பரில் ஐ-976 என்ற வாக்கெடுப்பு, மீண்டும் 30 டாலர் கோஷம். மாநிலம் முழுக்க சுமார் 53 சதவீத ஆதரவோடு ஜெயித்தது. கிங் கவுண்டி ‘வேண்டாம்’ என்றே ஓட்டுப் போட்டது. இங்கே வேடிக்கையைப் பாருங்கள். சியாட்டில்காரர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட கட்டணத்தை, அதில் ஒரு பைசா கட்டாத, அந்தப் பஸ்ஸில் ஏறவே ஏறாத, மாநிலத்தின் கிழக்குக் கோடிக்காரர்களும் சேர்ந்து ரத்து பண்ணினார்கள்.

செல்வுட்டில் பாலத்தைப் பயன்படுத்துபவர்கள் பணம் தர மறுத்தார்கள். இங்கே பணம் தரத் தயாராக இருந்தவர்களையே தடுத்தார்கள். கோடு சின்னதாக இருந்தால் ஒரு பிரச்னை, பெரிதாக இருந்தால் இன்னொரு பிரச்னை.

நகரமும் கவுண்டியும் கோர்ட்டுக்குப் போயின. அமலாகும் முன்பே தடை கிடைத்தது. 2020 அக்டோபர் 15-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. ஒரே சட்டத்தில் பல விஷயங்களைத் திணித்தது ஒரு தப்பு. ஓட்டுச்சீட்டில் இருந்த தலைப்பே மக்களைத் திசைதிருப்பியது இன்னொரு தப்பு. ‘வாக்காளர்கள் ஒப்புதல் தந்த கட்டணங்கள் தவிர’ என்று ஓட்டுச்சீட்டில் இருந்தது. அதைப் படித்தவர் ‘ஏற்கெனவே ஓட்டுப் போட்டு வந்த கட்டணம் தொடரும்’ என்றுதானே நினைப்பார்? சட்டத்தின் உள்ளே இருந்ததோ வேறு. தமிழ் படித்தவள் என்பதால் சொல்கிறேன், ‘தவிர’ என்ற ஒரு சொல் பல கோடி டாலர் வழக்கில் தூக்கிப்போட்டுப் பேசப்பட்டதைப் படித்தபோது இலக்கண வகுப்பே நினைவுக்கு வந்தது.

தீர்ப்பு வந்தது, ஆனால் தாமதமாக. சியாட்டிலின் 60 டாலர் கட்டணம் 2020 இறுதியில் காலாவதி ஆகவிருந்தது. கோர்ட் என்ன சொல்லுமோ என்ற பயத்தில், நகரம் புது வாக்கெடுப்பில் கார் கட்டணத்தைச் சேர்க்கவே இல்லை. விற்பனை வரியை மட்டும் 0.15 சதவீதமாக வைத்து நவம்பரில் கேட்டது. சுமார் 80 சதவீத ஆதரவோடு நிறைவேறியது.

இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

இதுதான் முக்கியமான இடம். சட்டத்தில் ஜெயித்தும் நடைமுறையில் 60 டாலர் கட்டணம் போய்விட்டது. அதன் இடத்துக்கு வந்தது விற்பனை வரி. கார் கட்டணத்தை கார் உள்ளவர் மட்டும் கட்டுவார். விற்பனை வரியை, பஸ்ஸில் போய் சோப்பு வாங்கும் ஆளும் கட்டுவார். சம்பளத்துக்கு வருமான வரி இல்லாத மாநிலமாக இருந்ததால், வாஷிங்டனில் விற்பனை வரிதான் எல்லாவற்றுக்கும் கைகொடுத்தது. வருமானத்தில் பெரும்பகுதியைச் செலவழித்தே தீரவேண்டிய ஏழைக்கு அது அதிகம் வலிக்கும்.

அதற்காக கார் கட்டணம் நியாயமானது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. இருபது வருஷப் பழைய ஹோண்டாவுக்கும் 60 டாலர், ஷோரூமிலிருந்து நேற்று இறங்கிய போர்ஷேவுக்கும் 60 டாலர். பஸ் வசதி இல்லாத இடத்தில் குறைந்த வாடகைக்கு வீடு எடுத்து, ஓட்டை வண்டியில் வேலைக்குப் போகிறவருக்கு கார் சொகுசு கிடையாது, கட்டாயம். சரி, வண்டி மதிப்பைப் பார்த்து வாங்கலாம் என்றால், சவுண்ட் டிரான்சிட் கதையைப் பார்த்தோமே. நியாயமாகத் தெரிவது அரசியலில் எடுபடவில்லை. எளிமையாக இருப்பது நியாயமாக இல்லை. சியாட்டில் போல ஏழைகளுக்குத் தள்ளுபடி தருவது பரவாயில்லை, ஆனால் அதற்கு விண்ணப்பம் போடணும், வருமானச் சான்று காட்டணும். யாருக்குத் தேவையோ அவருக்குத்தான் அதற்கு நேரம் இருக்காது.

வேறு எங்கெல்லாம் இருக்கிறது?

கலிஃபோர்னியாவில் 2009-ல் வந்த ஒரு சட்டம், மக்கள் ஒப்புதலோடு கவுண்டிகள் 10 டாலர் வரை வாங்கலாம் என்றது. 2010 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஏழு கவுண்டிகள் வாக்கெடுப்பு நடத்தின. ஐந்தில் ஜெயித்தது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அந்த 10 டாலரில் வருஷத்துக்குச் சுமார் 5 மில்லியன் டாலர் கிடைக்கிறது. ரோடு பழுது, நடைபாதை, பஸ் வசதி என்று பிரித்துச் செலவழிக்கிறார்கள். சத்தமில்லாமல் ஓடும் திட்டம்.

விஸ்கான்சினில் இதற்குப் பெயர் ‘சக்கர வரி’. மில்வாக்கி கவுண்டியில் 2016-ல் 60 டாலர் போடலாம் என்ற யோசனை வந்தது. கவுண்டி போர்டு 30 டாலர் போட்டது! பாதியாகக் குறைத்துவிட்டோமே என்று ஒரு சமாதானம். 2017-ல் ‘60 டாலர் போடலாமா?’ என்று மக்களிடம் கருத்துக் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்றார்கள். மில்வாக்கி நகரத்துக்காரர்களுக்கு ஏற்கெனவே நகராட்சியின் சக்கர வரி தனியாக இருந்தது. ஆக, ஒரே சக்கரத்துக்கு இரண்டு வரி.

மக்களிடம் கேட்டுப் போடுவதா, கேட்காமல் போடுவதா?

மேலே பார்த்த கதைகளில் ஒரு ஒற்றுமை தெரியும். கேட்டால் பெரும்பாலும் பெரிய எல்லைக்குள் தோற்கிறது. கேட்காமல் கவுன்சிலே போட்டால் நிலைத்துவிடுகிறது. இதை வைத்து ‘மக்களுக்குப் பொறுப்பில்லை’ என்று சொல்லிவிடலாமா? என்னைக் கேட்டால், கூடாது. 2014-ல் சியாட்டில் மக்கள் கேட்டபோதே சரி என்றார்கள். ஏனென்றால் எந்த பஸ் வரும், எந்தத் தெருவுக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரிந்தது. கிளாக்கமஸின் மலையோர ஊர்க்காரருக்கு அப்படி எதுவும் காட்டப்படவில்லை.

வாஷிங்டனில் நகரக் கவுன்சில்கள் தாமாகவே 20 டாலர் போடலாம். அது இரண்டு வருஷம் ஓடிய பிறகு 40, அதன்பின் 50 வரை உயர்த்தலாம். மக்கள் ஓட்டு வாங்கினால் 100 வரை போகலாம். படிப்படியாக ஏறும் இந்த ஏற்பாடு மோசமில்லை. சின்னத் தொகையை வாங்கி, செலவழித்துக் காட்டி, அப்புறம் அடுத்த தொகையைக் கேட்கச் சொல்கிறது சட்டம்.

கடைசியாக, மறுபடி போர்ட்லேண்டில் என்ன நிலவரம் என்றும் பார்த்துவிடலாம். செல்வுட்டுக்காக ஆரம்பித்த 19 டாலர் கட்டணம் பாலம் திறந்ததோடு நிற்கவில்லை. 2021 ஜனவரி முதல் அதோடு இன்னொரு 37 டாலர் சேர்ந்து வருஷத்துக்கு 56 டாலர் ஆனது. இந்தத் தடவை 1926-ல் கட்டிய பர்ன்சைட் பாலத்துக்காக. கடலுக்கு அடியில் இருக்கும் கஸ்கேடியா நிலப்பிளவில் பெரிய பூகம்பம் வந்தால், ஆற்றின் இரு கரைக்கும் நடுவே ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போய்வர ஒரு பாலமாவது நிற்க வேண்டும் என்பது திட்டம். ஒரு கட்டத்தில் போட்ட மதிப்பீடு சுமார் 900 மில்லியன் டாலர். வண்டிக் கட்டணம் அதில் ஒரு பகுதியைத்தான் தாங்கும். மிச்சத்துக்கு மாநிலத்தையும் மத்திய அரசையும் நம்பியே கவுண்டி திட்டம் போட்டது.